மேயர் தேர்தல்: டெல்டா வாக்காளர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடி வேலை பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் ரேஷன் கடை வரிசையில், டீக்கடை பெஞ்சில், மகாமகக் குளத்துப் படியில் யாராவது பிடித்துக்கொண்டு கேட்பார்கள்: "சார், மேயருக்கு நாம எப்ப ஓட்டுப் போடுறது?" 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் நிறைகிறது. திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் மூன்றும் மாநகராட்சிகள். இந்த ஊர்க்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். தொகை, நேரம் போன்றவை 2022 தேர்தலில் இருந்தவை. அடுத்த அறிவிப்பு வரும்போது அவற்றை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மேயருக்கு நான் ஓட்டுப் போட முடியுமா?

நேரடியாக முடியாது. நீங்கள் போடுவது உங்கள் வார்டு கவுன்சிலருக்கான ஒரே ஓட்டு. ஜெயித்த கவுன்சிலர்கள் மன்றத்தில் கூடி, தங்களில் ஒருவரை ரகசிய வாக்கெடுப்பில் மேயராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022-ல் பிப்ரவரி 19 வாக்குப்பதிவு, 22 எண்ணிக்கை, மார்ச் 2 கவுன்சிலர்கள் பதவியேற்பு, மார்ச் 4 மேயர், துணை மேயர் தேர்தல் என்று நடந்தது.

"முன்னாடி நாங்கதானே மேயருக்குப் போட்டோம்" என்று பெரியவர்கள் சொல்வது சரிதான். தமிழ்நாட்டில் இது மாறி மாறி வந்திருக்கிறது. 1996, 2001 தேர்தல்களில் மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011-ல் மறுபடி மக்கள். 2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டத்தால் மீண்டும் கவுன்சிலர்கள் கைக்குப் போனது. நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை, மன்னார்குடி போன்ற நகராட்சிகளில் மேயருக்குப் பதில் நகர்மன்றத் தலைவர். முறை அங்கேயும் இதேதான்.

அப்படியானால் என் ஒரு ஓட்டால் மேயர் தேர்வில் என்ன மாறிவிடும்?

மற்ற எந்தத் தேர்தலைவிடவும் அதிகம் மாறும். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற விஷயம் இது என்பதால் கொஞ்சம் கணக்குப் போட்டே சொல்கிறேன்.

தஞ்சாவூரில் 51 வார்டுகள். மேயராக 26 கவுன்சிலர்கள் போதும். 2011 கணக்கெடுப்பில் தஞ்சாவூர் நகர மக்கள்தொகை 2,22,943. வார்டுக்குப் பிரித்தால் சராசரியாக 4,400 பேருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வார்டில் 4,000 வாக்காளர்கள் இருக்கிறார்கள், அதில் பாதிப் பேர் வந்து போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,000 ஓட்டு. ஐந்தாறு பேர் போட்டியிட்டால் 700, 800 ஓட்டு வாங்கியவர் ஜெயித்துவிடுவார். இரண்டாவது வந்தவருக்கும் அவருக்கும் இடைவெளி ஒரு தெருவின் ஓட்டாக இருக்கும், சில சமயம் ஒரு வீட்டின் ஓட்டாக இருக்கும். 2022-ல் தமிழ்நாட்டில் ஒரே ஓட்டில் ஜெயித்தவர்கள் இருந்தார்கள். சம ஓட்டு விழுந்து குலுக்கல் போட்டு வந்தவர்களும் இருந்தார்கள்.

சட்டமன்றத் தொகுதியில் லட்சக்கணக்கான ஓட்டுக்கு நடுவே உங்கள் ஓட்டு ஒன்று. இங்கே இரண்டாயிரத்தில் ஒன்று. அந்த வார்டு போகிற பக்கம் மன்றம் சாய்ந்தால், மேயரும் அந்தப் பக்கம்தான். மேயர் தேர்தல் என்று தனியாக ஒன்று வரும் என்று காத்திருப்பவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

எங்கள் வார்டில் ஜெயித்தவர் கட்சி சொன்னபடிதான் மேயருக்கு ஓட்டுப் போடவேண்டுமா?

கட்சி சொல்லலாம். சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. எம்.எல்.ஏ., எம்.பி.க்களைக் கட்டுப்படுத்தும் கட்சித் தாவல் தடைச் சட்டம் தமிழ்நாட்டுக் கவுன்சிலர்களுக்குப் பொருந்தாது, வாக்கெடுப்பும் ரகசியம். 2022 மார்ச் 4 அன்று கூட்டணிக் கட்சிக்கு ஒதுக்கிய சில இடங்களில் ஆளுங்கட்சிக்காரர்களே போட்டியிட்டு ஜெயித்தார்கள். பதவி விலகும்படி முதலமைச்சரே வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

கும்பகோணத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2021-ல் மாநகராட்சியான ஊர், 48 வார்டு. தி.மு.க. பெரும்பான்மையாக ஜெயித்தது, காங்கிரஸுக்கு மிகச் சில வார்டுகளே கிடைத்தன. ஆனாலும் கூட்டணிப் பங்கீட்டில் மேயர் பதவி காங்கிரஸுக்குப் போனது. ஆட்டோ ஓட்டுநராக இருந்த க. சரவணன் முதல் மேயரானார். ஆட்டோ ஓட்டுகிறவர் மேயர் நாற்காலியில் உட்கார்ந்ததில் எங்கள் ஊரில் பலருக்கு மகிழ்ச்சி, எனக்கும்தான். ஆனால் ஓட்டுப் போட்ட நாளில் யார் மேயர் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இந்த முறையில் எனக்கு இருக்கும் மனக்குறை அதுதான். 2024 ஜூலையில் கோவை, திருநெல்வேலி மேயர்கள் பதவி விலகினார்கள். அடுத்த மாதமே கவுன்சிலர்கள் கூடிப் புது மேயர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மக்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் சட்டத்தில் இல்லை.

அதனால் பிரசாரத்துக்கு வரும் வேட்பாளரிடம் வாசலிலேயே கேட்டுவிடுங்கள்: "நீங்க ஜெயிச்சா மேயருக்கு யாருக்குப் போடுவீங்க?"

டெல்டாவில் எத்தனை பேர் ஓட்டுப் போடுகிறார்கள்?

2022-ல் தமிழ்நாடு முழுவதும் நகர்ப்புற உள்ளாட்சிகளில் 60.7 விழுக்காடு பதிவானது. பிரித்துப் பார்த்தால் பேரூராட்சிகளில் சுமார் 75, நகராட்சிகளில் 68, மாநகராட்சிகளில் 52 மட்டும். சென்னையில் 44 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. ஊர் பெரிதாகப் பெரிதாக ஓட்டு குறைகிறது.

டெல்டா மாவட்டங்களில் நாகப்பட்டினம் ஏறத்தாழ 69, திருவாரூர் 68, தஞ்சாவூர் 66, மயிலாடுதுறையும் கிட்டத்தட்ட 66, திருச்சி 61 விழுக்காடு. இவை மாவட்டத்தில் உள்ள பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாம் சேர்ந்த கணக்கு. பெரிய மாநகராட்சி இருக்கும் திருச்சி இந்த வரிசையில் கடைசியில் நிற்பதைப் பாருங்கள்.

மாநகராட்சிகளில் மட்டும் ஏன் இவ்வளவு குறைவு?

சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். வாக்குச்சாவடியில் உட்கார்ந்து பட்டியலில் பெயர் அடித்தவன் என்ற முறையில் அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதல் காரணம் பட்டியல். வீடு மாறியவர், இறந்தவர், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர் எல்லாரும் அதில் இருந்தால், வந்தவர்கள் எல்லாம் ஓட்டுப் போட்டாலும் விழுக்காடு குறைவாகத்தான் காட்டும். 2025 கடைசியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இனி வரும் தேர்தல்களில் விழுக்காடு ஏறினால், அதில் எவ்வளவு புதிதாக வந்த ஆட்கள், எவ்வளவு சுருங்கிய பட்டியல் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வாக்களித்தவர் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள், விழுக்காட்டை மட்டும் பார்க்காதீர்கள்.

அடுத்தது நம் பக்கத்துக்கே உரிய காரணம். தஞ்சாவூரில் வாடகை வீட்டில் இருப்பார், பிள்ளைகள் படிப்பது இங்கே, குடிக்கும் தண்ணீர் இங்கே, ஓட்டு மட்டும் ஒரத்தநாடு பக்கம் சொந்த ஊரில். "நிலம் அங்கதானே இருக்கு, பேரை எடுத்துட்டா ஊர்ல உறவு விட்டுப்போயிடும்" என்பார்கள். அந்தப் பாசம் புரிகிறது. ஆனால் குப்பை வண்டி வராத தெருவுக்கு ஊர் ஓட்டு உதவாது. இன்னொரு பக்கம், பட்டியலில் இங்கே பெயர் இருப்பவர் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருப்பார். சட்டமன்றத் தேர்தலுக்கு பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள்கூட வார்டு தேர்தலுக்கு வருவதில்லை.

மூன்றாவது காரணம், பழக்கமே விட்டுப்போனது. 2011-ல் தேர்ந்தெடுத்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த மன்றம் வந்தது 2022 மார்ச்சில்தான். ஐந்தரை ஆண்டுகள் தனி அலுவலர்கள் நிர்வாகம். 18 வயதில் பெயர் சேர்த்த பிள்ளை 23 வயதுவரை தன் வார்டுக்கு ஓட்டே போடாமல் வளர்ந்திருக்கிறது. காரைக்காலை நினைத்தால் இன்னும் வருத்தம். அதுவும் டெல்டாதான், ஆனால் புதுச்சேரி ஆட்சிப் பகுதி. அங்கே 38 ஆண்டுகளுக்குப் பிறகு 2006-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் அந்தக் காலம் முடிந்தபின் பத்தாண்டுக்கு மேல் தேர்தலே நடக்கவில்லை.

இதை நடத்துவது யார்? இந்தியத் தேர்தல் ஆணையமா?

இல்லை, தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். இரண்டும் தனித்தனி அமைப்புகள். வாக்காளர் பட்டியல் மட்டும் சட்டமன்றப் பட்டியலையே வார்டுவாரியாகப் பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் பெயர் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றப் படிவம் 8 என்ற வழக்கமான வழிதான். ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, சரியான வார்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தெருவின் ஒரு சாரி ஒரு வார்டிலும் எதிர்ச்சாரி வேறு வார்டிலும் இருப்பது இங்கே சாதாரணம். வாக்குப்பதிவு அன்று தவறான பள்ளிக்கூடத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டுக் கோபமாக வீட்டுக்குப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

விதிமீறலைப் படம் எடுத்து அனுப்பும் சி-விஜில் செயலி இந்தியத் தேர்தல் ஆணையத்துடையது. உள்ளாட்சித் தேர்தலில் புகார் என்றால் தேர்தல் நடத்தும் அலுவலர், பறக்கும் படை, காவல் நிலையம் என்றுதான் போகவேண்டும்.

ஒரு கவுன்சிலர் வேட்பாளர் எவ்வளவு செலவு செய்யலாம்?

2022-ல் சென்னைக்கு 90,000 ரூபாய், மற்ற மாநகராட்சிகளுக்கு 85,000, பேரூராட்சி வார்டுக்கு 17,000 என்று உச்சவரம்பு வைத்தார்கள். மாநகராட்சி வார்டுக்குக் காப்புத்தொகை 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. வேட்பாளருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்தபின் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும்.

85,000-ல் ஒரு வார்டைச் சுற்றிவர முடியுமா என்று கேட்டால், நடந்தே போகிறவருக்குத் தாராளமாக முடியும். ஒரு வார்டை இரண்டு சாயங்காலத்தில் நடந்து முடித்துவிடலாம். உங்கள் தெருவில் பத்து வண்டி, பட்டாசு, ஆளுயர மாலை என்று ஒரே நாளில் கண்ணில் பட்டால், அந்தத் தொகையை மனதில் வைத்து நீங்களே கூட்டிப் பாருங்கள்.

எத்தனை மணிவரை ஒலிபெருக்கி வைக்கலாம்? சுவரில் எழுதலாமா?

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. இது ஒலி மாசு விதி, தேர்தல் இல்லாத நாளிலும் உண்டு. பகலிலும் முன் அனுமதி வேண்டும், வண்டிக்கும் வேண்டும். அரசுச் சுவர், பாலம், மின்கம்பம் எதிலும் எழுதவோ ஒட்டவோ கூடாது. துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இல்லையென்றால் அதை நம்பாதீர்கள்.

கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதையும் பிரசார இடமாக்கக் கூடாது, சாதி, மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்கவும் கூடாது. கும்பகோணம் மாதிரி திரும்பிய பக்கமெல்லாம் கோபுரம் தெரியும் ஊரில் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். வேட்பாளர் சாமி கும்பிட வரலாம், அது அவர் உரிமை. பிரகாரத்தில் நின்று கைகூப்பித் துண்டறிக்கை கொடுத்தால் விதிமீறல்.

பிரசாரம் எப்போது நிற்கவேண்டும்?

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பு. 2022-ல் பிப்ரவரி 17 மாலை 6 மணியோடு நின்றது. வாக்குப்பதிவு அன்று சாவடியைச் சுற்றி 100 மீட்டருக்குள் சின்னத்தைக் காட்டிக்கூட ஓட்டுக் கேட்கக் கூடாது.

வீட்டுக்குத் தேவையான பணத்தை எடுத்துப் போனால் பிடித்துக்கொள்வார்களா?

நடத்தை விதி அமலில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துப் போனால் ஆவணம் கேட்பார்கள். தை, மாசியில் நம் பக்கம் சம்பா நெல் விற்ற பணம், கல்யாணத்துக்கு நகை, புடவை வாங்கும் பணம் எல்லாம் கையில் இருக்கும். வங்கியில் எடுத்த சீட்டு, நெல் விற்ற ரசீது, கல்யாணப் பத்திரிகை எது இருக்கிறதோ அதைக் கூடவே வைத்திருங்கள். பிடித்தாலும், கணக்குக் காட்டினால் திரும்பக் கிடைக்கும்.

எல்லாரும் வாங்குகிறார்கள், நான் மட்டும் பணத்தை மறுத்து என்ன ஆகப்போகிறது?

இந்தக் கேள்வியைத்தான் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டுக்குக் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-வது பிரிவு இரண்டையும் லஞ்சம் என்கிறது. 173-வது பிரிவின்படி ஓராண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உள்ளாட்சித் தேர்தலுக்கும் இது பொருந்தும். விருந்து, பிரியாணி, மது என்று உபசரித்தால் அபராதம்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது எப்படி முடியும் என்று நன்றாகவே தெரியும். 2016 மே மாதம் தமிழ்நாடு முழுவதும் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது, பணப் பட்டுவாடா காரணமாகத் தஞ்சாவூருக்கும் அரவக்குறிச்சிக்கும் மட்டும் தேர்தலைத் தள்ளிவைத்து, பிறகு அறிவிப்பையே ரத்து செய்தார்கள். நவம்பர் 19-ல்தான் வாக்குப்பதிவு. பணம் வாங்காதவர்களும் சேர்ந்துதான் அத்தனை மாதம் எம்.எல்.ஏ. இல்லாமல் இருந்தார்கள்.

வார்டு தேர்தலில் பணம் இன்னும் கடுமையாக வேலை செய்கிறது, ஏனென்றால் வாங்க வேண்டிய ஓட்டு குறைவு. கொடுக்க வருகிறவரும் அந்நியர் இல்லை. எதிர்வீட்டுப் பையன், மாமன் மச்சான் முறை உள்ளவர், குழுக் கடனுக்கு ஆள் சேர்க்கும் அக்கா. அவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். என் வீட்டு வாசலிலும் கவர் நீண்டிருக்கிறது. "வேண்டாம் தம்பி, உங்க மேல கோபமில்ல, இது எனக்குப் பழக்கமில்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அந்தத் தம்பி இன்றும் என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறார்.

பணம் கொடுத்துவிட்டு சூடம் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார்கள். மாற்றிப் போட்டால் பாவம் வந்து சேருமா?

ஒரு வயதான அம்மா, குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்துவிட்டு ராத்திரியெல்லாம் தூங்காமல், காலையில் சாவடிக்கு வரும் வழியில் என்னிடம் இதைக் கேட்டார். கையெல்லாம் நடுங்கியது. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

சட்டம் தெளிவாக இருக்கிறது. ஓட்டை மாற்றிப் போட்டால் தெய்வத்தின் கோபத்துக்கு ஆளாவாய் என்று ஒருவரை நம்பவைப்பது, லஞ்சத்தோடு சேராத தனிக் குற்றம். 171-வது பிரிவு அதைத் தகாத செல்வாக்கு என்கிறது. தப்புச் செய்தவர் சத்தியம் வாங்கியவர். பயமுறுத்தி வாங்கிய சத்தியம் உங்கள் ஓட்டைக் கட்டாது. இது சட்டம் சொல்வது. சாமி விஷயத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஏழையின் பயத்தை வைத்து வியாபாரம் செய்கிறவனுக்கு எந்தக் குலதெய்வமும் துணை நிற்காது.

நான் யாருக்குப் போட்டேன் என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. எண்ணும்போது ஒரு சாவடியில் யாருக்கு எத்தனை என்று தெரியும். அதில் உங்கள் ஓட்டு எது என்று இயந்திரத்துக்கே தெரியாது. 2022 உள்ளாட்சித் தேர்தலில் ஒப்புகைச் சீட்டு காட்டும் விவிபேட் கருவியும் இல்லை. "உங்க ஓட்டு எங்களுக்குத் தெரியும்" என்பது வெறும் மிரட்டல். பொத்தானை அமுக்குவதை செல்போனில் படம் எடுத்துவரச் சொன்னால், சாவடிக்குள் போன் கூடாது என்று சொல்லிவிடுங்கள். விதியும் அதுதான்.

நோட்டா இருக்கிறதா?

2022 நகர்ப்புறத் தேர்தல் இயந்திரத்தில் இல்லை.

வாக்காளர் அட்டை தொலைந்துவிட்டது, என்ன செய்வது?

பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை, படத்துடன் உள்ள ஓய்வூதிய ஆவணம் இவற்றில் ஒன்றைக் கொண்டுபோகலாம். வாக்காளர் சீட்டு மட்டும் அடையாளமாகாது.

அப்பாவுக்கு 87 வயது, நடக்க முடியாது. வீட்டுக்கு வந்து ஓட்டு வாங்குவார்களா?

மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் மூத்தவர்களுக்கு அந்த வசதி உண்டு. 2022 உள்ளாட்சித் தேர்தலில் இல்லை. சாவடிக்கு அழைத்து வந்தால் வரிசையில் நிற்க வேண்டாம். கண் தெரியாதவர், பொத்தானை அமுக்க முடியாதவர் 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு உள்ளே அழைத்துச் செல்லலாம். வெயில் ஏறுவதற்குள் காலை ஏழரை, எட்டுக்கு வந்துவிடுங்கள். வேட்பாளர் அனுப்பும் ஆட்டோவில் ஏறாதீர்கள், வாக்காளரை ஏற்றி இறக்க அவர் வண்டி அனுப்புவதும் விதிமீறல்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வண்டியே போதும்.

நான் போவதற்குள் என் ஓட்டை யாரோ போட்டுவிட்டார்கள். திரும்பி வந்துவிடுவதா?

வரவே வராதீர்கள். தலைமை அலுவலரிடம் அடையாளத்தைக் காட்டி, "டெண்டர் ஓட்டு கொடுங்க" என்று கேளுங்கள். இயந்திரத்தில் இல்லாமல் தனி வாக்குச்சீட்டில் போட்டு, உறையில் வைத்து மூடுவார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. முடிவை எதிர்த்து வழக்குப் போனால் ஆள்மாறாட்டத்துக்கு அதுவே சாட்சி. குறைந்த ஓட்டில் முடியும் வார்டில் அதன் மதிப்பு பெரிது.

யார் வந்தால் என்ன, எங்கள் தெருவில் சாக்கடை அப்படியேதானே இருக்கிறது?

இதைக் கேட்கும் கோபத்துக்கு நான் மரியாதை தருகிறேன். குடிநீர், பாதாளச் சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, சொத்து வரி எல்லாம் இந்த மன்றத்தின் கையில்தான். தஞ்சாவூரில் ஜெபமாலைபுரம் குப்பைக் கிடங்கு எரியும் நாளில் அந்தப் புகையைச் சுவாசிக்கும் வீடுகளுக்கு, சட்டமன்றத்தைவிட மாநகராட்சி மன்றம்தான் பக்கம்.

கும்பகோணத்துக்கு இன்னொன்றும் இருக்கிறது. போன மகாமகம் 2016 பிப்ரவரி 22-ல் நடந்தது. அடுத்தது 2028-ல். 2027-ல் உட்காரப்போகும் மன்றத்துக்குத் தயாராக ஓர் ஆண்டுதான் இருக்கும். அந்தக் கூட்டத்துக்குத் தண்ணீர், கழிப்பறை, குளத்தைச் சுற்றிய தெருக்களின் சாக்கடை, கடை ஏலம் எல்லாவற்றிலும் உங்கள் கவுன்சிலர் கை தூக்குவார். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் மகாமகத்துக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம், படித்துவிட்டு நாளைக்கு வரச் சொல்லுங்கள். வார்டு சிறியது, அவரால் மறுபடி வர முடியும்.